குழாயும் குடித்தனமும்

வீட்டில் குழாய் ஒழுகினால் யார் கை வைப்பது? தலைவர் தாமே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்குவதா? அன்றி, தொழில் அறிந்தவரை அழைத்துவருவதா? இக்கேள்வி எழாத இல்லம் இந்நாட்டில் இராது. பெரும்பாலும் இது பணத்தைப் பற்றிய கேள்வியாகவே கருதப்படுகிறது. வந்து பார்ப்பதற்கே கூலி கேட்கிறாரே என்று ஒருவர் சலித்துக்கொள்வதும், கைத்திறன் இல்லாதவன் தொட்டால் சிறு ஒழுக்கும் பெருவெள்ளமாகும் என்று மற்றவர் எச்சரிப்பதும் வாடிக்கை. ஆயின், இக்கேள்விக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்த்தால், எதனை நாமே செய்யலாம், எதற்குப் பிறரை அழைக்க வேண்டும் என்னும் எல்லைக்கோடு, பணத்தைக் கொண்டோ திறமையைக் கொண்டோ வரையப்பட்டதன்று என்பது புலப்படும்.

ஈயத்தில் தொடங்கிய தொழில்

குழாய்த் தொழிலாளியைக் குறிக்க ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொல் ‘பிளம்பர்’. ஈயத்தைக் குறிக்கும் ‘பிளம்பும்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். உரோமாபுரியில் ஈயத் தகடுகளை வளைத்து இணைத்துக் குழாய் செய்தவர்கள் ‘பிளம்பாரியஸ்’ எனப்பட்டனர். குழாய்களின்மீது பெயர்களைப் பொறிக்கும் வழக்கமும் இருந்தது. அப்பெயர் தாங்கிய ஈயக் குழாய்கள் இன்றும் அகழ்வாராய்ச்சிகளில் கிடைக்கின்றன.

தொழிலாளியைத் தவிர்த்துவிட்டுத் தாமே குழாயில் கைவைக்கும் பழக்கமும் அந்நாளிலேயே இருந்தது. கி.பி. 97ஆம் ஆண்டில் உரோமாபுரியின் நீர்வழங்கல் ஆணையராகப் பொறுப்பேற்ற பிரண்டினஸ், நகரின் நீர்வாய்க்கால்களைப் பற்றி எழுதிய நூலில் இதனைக் கடிந்துரைக்கிறார். தெருவின் அடியில் ஓடிய பொதுக்குழாய்களில் கள்ளத்தனமாகத் துளையிட்டுத் தத்தம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நீரைத் திருப்பிக்கொண்டவர்கள் பலர் இருந்தனர். அக்கள்ளக் குழாய்களைப் பிடுங்கியபோது கிடைத்த ஈயத்தின் அளவைக் கொண்டே எவ்வளவு நீர் திருடப்பட்டது என்பதை ஊகிக்கலாம் என்கிறார் அவர். தன் வீட்டுக்குள் வரும் குழாய் தனக்கு மட்டும் உரியது என்று ஒருவன் எண்ணத் தொடங்கும்போதே ஊர்நீருக்கு ஊறு நேர்ந்துவிடுகிறது என்பதை அவ்வாணையர் அன்றே உணர்ந்திருந்தார்.

வண்டியில் வந்த நீர்

நம் மண்ணுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிங்கப்பூரில் குழாயும் இல்லை. குழாய்த் தொழிலாளியும் இல்லை. கிணற்று நீரும் ஊற்று நீருமே குடிநீர். அதனை மாட்டுவண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுசென்றனர். தண்ணீர் வண்டி என்னும் பொருளுடைய ‘கிரேத்தா ஆயர்’ என்ற மலாய்ப் பெயர், சீனர்கள் நிறைந்து வாழ்ந்த பகுதிக்கு இன்றளவும் வழங்கிவருகிறது. அதே பொருளில் மாடும் வண்டியும் நீரும் சேர்ந்த பெயரையே சீனரும் அப்பகுதிக்கு இட்டனர்.

1857ஆம் ஆண்டில் வணிகப் பெருமகனார் டான் கிம் செங், நகருக்கு நல்ல குடிநீர் கொண்டுவருவதற்கென 13,000 வெள்ளியை நன்கொடையாக அளித்தார். ஆயினும், அந்நன்கொடை நீராக மாறுவதற்கு இருபதாண்டுகளுக்கு மேலாயின. தாம்சன் சாலை நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிக்கப்பட்டது. இறைக்கும் எந்திரங்களும் பகிர்ந்தளிக்கும் குழாய்களும் முற்றுப்பெற்று நகருக்கு நீர் வந்தது 1878இல்தான். அதனைக் காணும் பேறு வள்ளலுக்கு வாய்க்கவில்லை. அவர் 1864இலேயே மறைந்தார். அவர் நினைவாக 1882இல் நிறுவப்பட்ட நீரூற்று இன்றும் சிங்கப்பூரின் கடற்கரைத் திடலில் நிற்கிறது. அந்நீர்த்தேக்கமோ, அதனைப் பின்னர் விரிவுபடுத்திய நகராண்மைப் பொறியாளர் மெக்ரிட்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நீர் வண்டியில் வந்த காலத்தில் வீட்டுக்காரருக்குப் பானை உடையாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே கடமை. குழாய் வழியே வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஊருக்குப் பொதுவான ஒன்றின் நுனி, ஒவ்வொரு வீட்டின் சுவருக்குள்ளும் நுழைந்தது. அந்த நுனியைப் பழுதின்றிக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியும் உடன் நுழைந்தது.

திருகுகுழாய் தந்த உரிமை

அக்கேள்விக்கு ஒரு பாதி விடையை 1845ஆம் ஆண்டு தந்தது. இங்கிலாந்தின் ராதரம் நகரில் பித்தளைப் பொருள்கள் செய்த கெஸ்ட்–கிரைம்ஸ் நிறுவனத்தார், திருகி மூடும் குழாய்க்கு அவ்வாண்டில் காப்புரிமை பெற்றனர். அதற்கு முன்னர் வழங்கிய குழாய்களில், துளையிட்ட ஆப்பு ஒன்றைக் கால்வட்டம் திருப்பினால் நீர் சட்டென நிற்கும். ஓடிவந்த நீர் அவ்வாறு திடீரெனத் தடைபடுவதால், அதன் வேகம் முழுதும் குழாயின் சுவரிலே மோதும். சம்மட்டியால் அடித்தாற்போன்று ஓசை எழும். நாளடைவில் இணைப்புகள் நெகிழும். குழாய் வெடிப்பதும் உண்டு. பேரழுத்தத்துடன் இடையறாது நீர் வழங்க வேண்டுமாயின் அத்தகைய குழாய்கள் உதவா.

திருகுகுழாயின் அமைப்பு எளியது. கைப்பிடியைத் திருகினால் தண்டு மெல்ல இறங்கும். தண்டின் அடியில் உள்ள வாஷர் என்னும் சிறுவில்லை, நீர் வரும் துளையின் விளிம்பில் அமர்ந்து வழியை அடைக்கும். நீர் படிப்படியாக நிற்பதால் மோதலும் இல்லை, வெடிப்பும் இல்லை. ஓயாது அழுந்துவதாலும் உராய்வதாலும் தேய்வது அந்த வில்லையே. அது தேய்ந்தால் நீர் சொட்டும். புதிய வில்லையைப் பொருத்தினால் சொட்டு நிற்கும். குழாய் முழுதையும் மாற்ற வேண்டியதில்லை. பற்றவைக்கும் தொழில்நுணுக்கமும் தேவையில்லை. வரும் நீரை முதலில் அடைத்துவிட்டு, ஒரு ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றி, பழைய வில்லையை நீக்கிப் புதியதை வைத்துப் பூட்டினால் வேலை முடிந்தது. குழாயில் தேய்வன அனைத்தையும் ஒரே சிறு பொருளில் ஒதுக்கிவைத்த அவ்வமைப்பே, பழுதுபார்க்கும் உரிமையைச் சாதாரணக் குடித்தனக்காரரின் கையில் கொடுத்தது எனலாம்.

தொடக்கத்தில் தோலாலும் செய்யப்பட்ட அவ்வில்லை, பின்னர் ரப்பராலும் செய்யப்பட்டது. 1840களில் அமெரிக்காவில் குட்இயரும் இங்கிலாந்தில் ஹான்காக்கும் கந்தகம் கலந்து சூடேற்றி ரப்பரை உறுதிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றதன் பின், நீரைத் தடுத்து நிறுத்தும் எண்ணற்ற பொருள்கள் அதனால் உருவாயின. 1877இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்த 22 இரப்பர்க் கன்றுகளும், அவற்றின் வழிவந்த பால்மரக் காடுகளும், அக்காடுகளில் விடியுமுன் பால்வெட்டச் சென்ற தமிழர்களும் இவ்வரலாற்றில் இடம்பெறுவர். உலகத்தின் குழாய்களுக்கு அடைப்பான் தந்த மரத்தை வெட்டியவர்களில் மிகப் பலருக்குத் தம் இருப்பிடத்தில் சொந்தமாக ஒரு குழாய் இருந்ததில்லை.

அண்டை வீட்டின் கழிவு

வரலாறு தந்த மற்றொரு பாதி விடை கசப்பானது. வீட்டுக்குள் வரும் நீர் ஒரு புறம் என்றால், வீட்டைவிட்டு வெளியேறும் நீர் மறுபுறம். 1775ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி, நீர்க்கழிப்பிடத்தின் அடியில் வளைந்த குழாயொன்றை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நிற்கும். சாக்கடையின் நாற்றமும் காற்றும் மேலேறி வீட்டுக்குள் புகாதவாறு அந்நீரே கதவாக நிற்கும். இன்று கைகழுவும் தொட்டியின் அடியிலும் குளியலறைத் தரையின் அடியிலும் இருக்கும் வளைவுகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே.

அந்த வளைவும் அதனைத் தொடர்ந்து செல்லும் குழாயும் சிதைந்தால் நேர்வது என்ன? 1854இல் இலண்டனின் பிராட் தெருவில் வாந்திபேதி பரவியபோது, அப்பகுதியில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவர் ஜான் ஸ்நோ இறந்தோரின் வீடுகளைக் கணக்கிட்டுப் பார்த்து, தெருவிலிருந்த அடிகுழாயின் நீரே காரணம் என்றார். அவர் சொற்படி செப்டம்பர் 8ஆம் நாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வில், அருகிலிருந்த ஒரே ஒரு வீட்டின் கழிவுக்குழியும் வடிகாலும் சிதைந்து, செங்கற்களின் இடுக்கு வழியே கழிவு கிணற்றுக்குக் கசிந்தது வெளிப்பட்டது. பழுது ஒரு வீட்டுடையது, மரணம் ஊருடையது.

இத்தகைய படிப்பினைகளின் பின்னரே குழாய்த் தொழில் பொதுச் சுகாதாரத்தின் ஓர் அங்கமாக மதிக்கப்பட்டது. இலண்டனின் பழம்பெரும் குழாய்த் தொழிலாளர் சங்கம், 1886இல் தொழிலறிந்தோரைப் பதிவு செய்யும் முறையைத் தொடங்கியது. எவரும் தம்மைக் குழாய்த் தொழிலாளி என்று சொல்லிக்கொண்டு எந்த வீட்டுச் சாக்கடையிலும் கைவைக்கலாம் என்ற நிலை மாற வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆயினும், அறிவு வளர்ந்த நகரங்களிலும் அப்படிப்பினை மறக்கப்பட்டது. 1933இல் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரு பெரிய தங்குவிடுதிகளின் குழாயமைப்பில் இருந்த குறைகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. அதனால் பரவிய சீதபேதியில் ஏறத்தாழ 1,400 பேர் நோயுற்றனர். 98 பேர் உயிரிழந்தனர். விருந்தினர் தத்தம் ஊர் திரும்பிய பின்னரே நோய் தெரிந்ததால், காரணத்தைக் கண்டுபிடிக்கவே காலம் பிடித்தது.

2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் ‘சார்ஸ்’ நோய் பரவிய நிகழ்ச்சி, ஆசியாவில் அடுக்குமாடியில் வாழும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. அங்கு 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 42 பேர் மாண்டனர். காரணத்தை ஆராய்ந்த சுகாதாரத் துறையினர் பலவற்றைச் சுட்டினர். அவற்றுள் ஒன்று, பல வீடுகளின் குளியலறைத் தரையடியில் இருந்த வளைகுழாய்கள் வறண்டு கிடந்தமை. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துணியால் துடைத்தே வந்ததால், வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றிவிட்டது. கதவு திறந்து கிடந்தது. குளியலறையின் காற்றாடி சுழன்றபோது, பொதுக் கழிவுக்குழாயின் காற்று வீட்டுக்குள் இழுக்கப்பட்டது. ஒரு குவளைத் தண்ணீரை வாரந்தோறும் ஊற்றியிருந்தால் அக்கதவு மூடியே இருந்திருக்கும்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். வளைவில் நீர் ஊற்றத் தொழிலாளி தேவையில்லை. அது குடியிருப்போர் கடமை. ஆனால், அந்த வளைவையே நீக்கிவிட்டு நேர்க்குழாயைப் பொருத்தவோ, கழிவுக்குழாயை வேறிடத்துக்கு மாற்றவோ எவருக்கும் தன்னுரிமை இல்லை.

ஒழுக்கு ஊரின் இழப்பு

கழிவுநீர் அன்றி நன்னீரின் ஒழுக்கும் ஊரைப் பாதிக்கும் என்பதை இந்நிலம் தன் அனுபவத்தில் கண்டது. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் வழியே சிங்கப்பூருக்கு நீர்க்குழாயும் சென்றது. 1942 ஜனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பாலத்தைத் தகர்த்தபோது அக்குழாயும் அறுந்தது. பின்னர் நகரில் குண்டுகள் விழுந்து, தெருக்குழாய்களும் வீட்டுக்குழாய்களும் சிதைந்தன. எந்திரங்கள் நீரை இறைத்துக்கொண்டுதான் இருந்தன. ஆயினும் அதன் பெரும்பகுதி உடைந்த குழாய்களின் வழியே மண்ணில் ஓடியது. பிப்ரவரி 15ஆம் நாள் தளபதி பெர்சிவல் சரணடைய முடிவெடுத்தபோது, நகரின் நீர் அற்றுப்போகும் என்ற அச்சமும் அவர் முன்னிருந்த காரணங்களுள் ஒன்று.

அமைதிக் காலத்திலும் பஞ்சம் வந்தது. 1963 ஏப்ரல் தொடங்கி 1964 வரை சிங்கப்பூரில் நீர்ப் பங்கீடு நடந்தது. 1991இல் மலாக்காவும் 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கும் வறண்ட குழாய்களின்முன் வாளியோடு காத்திருந்தன. மழைமிகுந்த மலேசியாவில், சுத்திகரித்துக் குழாயில் விடும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் வராமல் போவதாக அண்மைக் காலத்தில் நீர்த்துறையினர் கூறிவருகின்றனர். அதன் பெரும்பகுதி தெருவடிக் குழாய்களின் ஒழுக்கால் நேர்வது. வீட்டுச் சொட்டு அதில் சிறிதே. எனினும், அச்சிறிதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபது துளிகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நொடிக்கொரு துளி சொட்டும் குழாய் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கும் மேல் இழக்கிறது. ஓராண்டில் 1,500 லிட்டரைத் தாண்டும். இதனைத் தடுக்க வேண்டியது காசுக்கு விற்கும் ஒரு சிறு வில்லையே.

பொதுக்குழாயிலிருந்து சொந்தக் குழாய்க்கு

தமிழர் குடும்பங்களுக்கு இக்கேள்வி சென்ற தலைமுறையில்தான் நேரடியாக வந்து சேர்ந்தது. தோட்டத்து லயங்களில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு குழாய் இருந்தது. வரிசையில் வாளிகள் நின்றன. குழாயடியில் செய்தியும் சண்டையும் சமரசமும் நடந்தன. குழாய் உடைந்தால் அது தோட்ட நிருவாகத்தின் வேலை. தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரங்களைப் பற்றி மலேசியாவில் 1966இலும் 1990இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் நீர் வசதியை முதலாளியின் கடமையாக்கின. கைவைக்கும் உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணங்களின் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். சிங்கப்பூரில் 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் குழாயும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே அமைந்தன. வாளியில் மலம் சுமந்த முறை அங்கு 1987இல் முற்றாக ஒழிந்தது. பொதுக்குழாயடியில் வளர்ந்தவர்கள், மீட்டரும் அடைப்பு வால்வும் மிதவைத் தொட்டியும் உள்ள வீட்டுக்கு உரிமையாளர் ஆயினர். அவற்றை எவ்வாறு பேணுவது என்று சொல்லித்தந்தார் எவருமிலர். ஆகவே இருவகைத் தவறுகள் தோன்றின. ஒரு சாரார், வாஷர் மாற்றுவதற்கும் ஆள் தேடி வாரக்கணக்கில் சொட்டவிட்டனர். மற்றொரு சாரார், சமையலறையை விரிவாக்கும்போது அளவும் சாய்வும் பாராமல் கழிவுக்குழாயைத் தாமே இணைத்துக் கீழ்வீட்டாரின் கூரையை நனைத்தனர்.

எல்லைக்கோடு எங்கே?

எல்லைக்கோட்டை இனி வரையலாம். பழுது தவறாகப் பார்க்கப்பட்டால் நனைவது நம் வீட்டு வாளி மட்டும்தானா, அன்றி அயலாரின் கூரையும் ஊரின் குடிநீருமா? இந்த ஒரு வினாவே அளவுகோல்.

வாஷரை மாற்றுவது, கழிப்பறைத் தொட்டியின் மிதவையைச் சரிசெய்வது, கைகழுவும் தொட்டியின் அடியிலுள்ள வளைவைக் கழற்றி அடைப்பை நீக்கி மீண்டும் பூட்டுவது ஆகியவற்றை எவரும் கற்றுக்கொள்ளலாம். வீட்டுக்கு வரும் நீரை அடைக்கும் வால்வு எங்கிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் உட்பட அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். குழாய் வெடித்த வேளையில் அவ்வறிவு ஒன்றே வீட்டைக் காக்கும்.

ஆனால், மீட்டருக்கு முன்னுள்ள குழாய், சுவருக்குள் மறைந்த குழாய், கழிவுக்குழாயின் போக்கு, நீர்ச்சூடேற்றி, குடிநீரும் வேறு நீரும் சந்திக்கக்கூடிய இணைப்பு ஆகியவை தொழிலறிந்தவரின் எல்லைக்குட்பட்டவை. தெருக்குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால், அழுக்கு வாளியில் மூழ்கிக் கிடக்கும் ரப்பர்க் குழாய்கூட அந்நீரைப் பின்னோக்கி உறிஞ்சி ஊர்க்குழாய்க்கு அனுப்பிவிடும். தொட்டியில் நீர் விழும் வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் இடையே வெளி விடுவது இதன்பொருட்டே. இதனை அறியாதவர் செய்யும் இணைப்பு, பல ஆண்டுகள் தீங்கின்றி இருந்து ஒரு நாளில் நஞ்சாகும். எனவேதான் சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்றவர்களிடமும், மலேசியத் தீபகற்பத்தில் 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றவர்களிடமும் இப்பணிகள் ஒப்படைக்கப்பட்டுள்ளன.

இறுதியாக ஒன்று. சாக்கடையில் இறங்குவோரையும் கழிவை அகற்றுவோரையும் தாழ்வாக எண்ணும் பழைய நோய் நம் சமூகத்தைவிட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. மகன் மருத்துவராக வேண்டும் என்று விரும்பும் பெற்றோர், அவன் உரிமம் பெற்ற குழாய் வல்லுநராவதை விரும்புவதில்லை. பிராட் தெருவில் அந்த ஒரு வீட்டின் வடிகாலை உரிய காலத்தில் ஒரு நல்ல தொழிலாளி பழுதுபார்த்திருந்தால், அவன் காத்த உயிர்களுக்குக் கணக்கே எழுதப்பட்டிராது. நோய் வாராமல் தடுப்பவனின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அவன் கேட்கும் கூலியை முணுமுணுக்காமல் கொடுப்பதும், அவன் வரும்வரை வால்வை அடைத்துவைக்கத் தெரிந்திருப்பதும், நல்ல குடித்தனத்துக்கு அழகாகும்.